கோட்டையூர் வீட்டில் 9 பார்

இரண்டாங்கட்டில் யாராவது பாத்திரம் துலக்கக் குழாயைத் திறந்தால், சற்று நேரத்தில் என் எஸ்பிரஸோ மெஷினின் பிரஷர் முள் நகரும். பார் என்ற அழுத்த அளவில் 7.6-இல் நின்றுகொண்டிருக்கும் முள், பின்கட்டில் குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றும் பூஸ்டர் மோட்டார் ஓடத் தொடங்கியதும் மெல்ல மெல்ல 9-ஐ நோக்கி ஏறும். கிளாஸில் காபி பாதி இறங்கியிருக்கும்போது இப்படி நடந்தால் அந்தக் காபி எப்படி வரும் என்று சொல்லவே முடியாது. குழாய்க்கும் முள்ளுக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு ஐந்து வாரமும் முக்கால் கிலோ காபிக்கொட்டையும் போய்விட்டன. மெஷினைக் குழாயோடு இணைக்க நினைக்கும் இன்னொருவருக்கு அவை மிச்சமாகட்டும் என்றுதான் செய்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன்.

மெஷின் இத்தாலியில் செய்தது. பழையது ஒன்றை வாங்கினேன். உள்ளே இரண்டு பாய்லர், முன்னால் தூளைப் பூட்டிக் காபி இறக்கும் ஈ61 குரூப். 1961-இல் ஃபயேமா நிறுவனம் கொண்டுவந்த அந்தக் குரூப்பின் வடிவத்தை இன்றைக்கும் அதிகம் மாற்றாமல் செய்கிறார்கள். அதற்கு முன் ஸ்பிரிங் லீவரை இழுத்துத்தான் காபி இறக்கினார்கள். அந்த வேலையை மின்மோட்டார் பம்பிடம் கொடுத்தது ஃபயேமாவின் ஈ61 மெஷின். காபி இறக்க வேண்டிய அழுத்தம் சுமார் 9 பார். ஒரு பார் என்பது கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தம். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி. அதன் உச்சியில் தொட்டி வைத்துக் குழாய் இறக்கினாலும் கீழே 7 பார்தான் வரும். எங்கள் மொட்டை மாடித் தொட்டியின் அடிமட்டம் அடுப்படி மேடையிலிருந்து 7 மீட்டர் உயரம், ஆக 0.7 பார். மீதியைப் பம்ப் கொடுக்க வேண்டும்.

முதல் ஆறு மாதம் மெஷினுக்குள் இருக்கும் தொட்டியில் தண்ணீர் ஊற்றித்தான் ஓட்டினேன். அப்போது ஒரு குறையும் இல்லை. 18 கிராம் தூள், 28 விநாடி, 36 கிராம் காபி, முள் 9-இல் கம்பம் போல நிற்கும். கொட்டை தாண்டிக்குடிப் பக்கத்து அரேபிகா. ஆனால் வீட்டில் விசேஷம் என்றால் இருபது முப்பது காபி போகும். அப்போதெல்லாம் மூடியைத் திறந்து குடம் குடமாக ஊற்ற வேண்டும். பின்னாலிருக்கும் தட்டில் சேரும் கழிவுத் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். அதனால்தான் நேரடிக் குழாய் இணைப்புக்குப் போனேன்.

வீடு பழைய வீடு. அடுப்படிச் சுவர் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, தொட்டால் பளிங்கு மாதிரி குளிர்ந்திருக்கும். அதில் துளை போட எனக்கு மனமில்லை. பிளம்பர் தம்பிக்கும் மனமில்லை. பின்கட்டிலிருந்து ஜன்னல் மரச்சட்டத்தின் ஓரமாகவே ட்யூபைக் கொண்டுவந்தோம். கழிவு ட்யூபை எதிர்ப்பக்கம் ஒரே சரிவாக இறக்கி வாழைப் பாத்தியில் விட்டோம். கழிவு ட்யூப் எங்கேயும் தொங்கி மேலே ஏறக்கூடாது. ஏறினால் காபித் தூள் அங்கே தங்கி நாற ஆரம்பிக்கும். தரை ஆத்தங்குடிக் கல், அதுவும் சிமெண்ட் கல்தான், ஈரம் நின்றால் கறை பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு இணைப்பின் கீழும் ஒரு வாரம் செய்தித்தாள் விரித்து வைத்துப் பார்த்தேன்.

ட்யூப் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினுக்குப் போடும் கால் இஞ்ச் ட்யூப் எங்கும் கிடைக்கும், ஆனால் அதைப் போடாதீர்கள். மெஷினுக்குள் இருக்கும் ரோட்டரி பம்ப் மணிக்கு நூறு லிட்டருக்குமேல் தள்ளக்கூடியது. பாய்லர் நிரம்பும் நேரத்தில் மெல்லிய ட்யூபால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பம்ப் உறிஞ்சித் திணறும், உள்ளே கூழாங்கல் உருளுவது போலச் சத்தம் வரும். எட்டில் மூன்று இஞ்ச் ட்யூப் போட்டேன்.

இணைத்த அன்று மாலை முதல் காபி போட்டேன். முள் 11.8. கழிவு ட்யூபிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். கிளாஸில் 36 கிராம் வர 40 விநாடிக்குமேல் ஆயிற்று. நாக்கில் ஒரே சமயத்தில் கசப்பும் புளிப்பும். தூள் நெருங்கி அடைத்துக்கொண்டு, தண்ணீர் எங்கோ ஓரிடத்தில் மட்டும் ஓட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. போர்ட்டாஃபில்டரை, அதாவது தூள் கூடையைத் தாங்கும் கைப்பிடியை, கழற்றித் தட்டியதும் தெரிந்தது, தூள் வட்டின் ஓரத்தில் ஊசியால் குத்தியது போல ஒரு துளை.

சரி, பம்பைக் குறைப்போம் என்று நினைத்தேன். பக்கத் தகட்டைக் கழற்றினால் பம்பின் பக்கவாட்டில் ஒரு பித்தளை மூடி நட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே வெட்டுத்தலை ஸ்க்ரூ. வலப்பக்கம் திருகினால் அழுத்தம் கூடும், இடப்பக்கம் திருகினால் குறையும். பம்ப் ஓடும்போதே திருகலாம் என்று பலர் சொல்வார்கள். உள்ளே 230 வோல்ட் முனைகள் திறந்து கிடக்கின்றன, கையில் ஈரம், பக்கத்தில் சுடு பாய்லர். நான் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திருகினேன். மார்க்கரால் ஸ்க்ரூவின் தலையிலும் பம்பின் உடம்பிலும் ஒரே கோடு போட்டுக்கொள்வேன். கால் சுற்று திருகி, நட்டை மூடி, தகட்டைச் சாத்தி, பிளக்கைச் சொருகி, ஓட்டையில்லாத பிளைண்ட் கூடையைப் போட்டு லீவரைத் தூக்கி முள்ளைப் பார்ப்பேன். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். அன்றைக்கு நான்கு தடவையில் முள் சரியாக 9-க்கு வந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

மறுநாள் காலை 7.6.

அடுத்த நான்கு வாரமும் தப்பான இடத்திலேயே தேடினேன். ஒரு நாள் காபி 22 விநாடியில் ஓடும், மறுநாள் 38 விநாடி. அரவையில்தான் கோளாறு என்று கிரைண்டரைத் தினமும் மாற்றினேன். ஐப்பசி மழை தொடங்கியிருந்தது, காற்றின் ஈரம் தூளைக் கெடுக்கிறது என்று நினைத்தேன். ஸ்க்ரூ தானாகத் தளர்கிறதோ என்று திறந்து பார்த்தால் மார்க்கர் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. இன்னொன்றும் குழப்பியது. காபி போட்டு முடித்துக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், பம்ப் ஓடாமலே முள் 11-இல் நிற்கும். இதில் கோளாறு எதுவும் இல்லை என்று பிறகு புரிந்தது. பாய்லருக்குள் புதிதாகப் போன தண்ணீர் சூடாகும்போது விரிகிறது. விரிந்து போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, கடைசியில் எக்ஸ்பான்ஷன் வால்வு திறந்து நாலு சொட்டு விடும். அது அதன் வேலை. பம்ப் ஓடும் நேரத்து அளவை மட்டும்தான் பம்பின் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி இறங்கிக்கொண்டிருக்கும்போது அப்பத்தா பின்னால் குழாயைத் திறந்தார்கள். மோட்டார் சத்தம் வந்தது. முள் ஏறியது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“அப்பத்தா, குழாயை மூடிட்டு மறுபடி திறங்க.”

“ஏம்ப்பா, தண்ணி வரலையா?”

“வருது. நீங்க திறந்துகிட்டே இருங்க, நான் சொல்லும்போது மூடுங்க.”

பத்து நிமிஷம் இப்படியே பார்த்தோம். எதற்கு என்று கேட்காமல் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்கள். குழாயைத் திறந்துவிட்டு லைன் அழுத்தம், அதாவது மெஷினுக்கு வரும் தண்ணீரின் அழுத்தம், இறங்க இறங்க மெஷினின் முள்ளும் இறங்கியது. பூஸ்டர் ஓடி ஏற்றினால் அதே அளவுக்கு முள்ளும் ஏறியது.

ரோட்டரி பம்பைப் பற்றி நான் தெரிந்துகொள்ளாமல் விட்டது இதுதான். அந்த ஸ்க்ரூ 9 பார் என்ற ஒரு முடிவான அளவைக் குறிப்பதில்லை. பம்புக்குள் ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கிறது. வெளியே போகும் பக்கத்தில் அழுத்தம் அதிகமானால் அது திறந்து, மிச்சத் தண்ணீரை உள்ளே வரும் பக்கத்துக்கே திருப்பிவிடுகிறது. ஸ்பிரிங்கின் ஒரு புறம் வெளியேறும் தண்ணீர், மறு புறம் லைன் தண்ணீர். ஆக ஸ்க்ரூ வைப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. லைனில் வருவது அப்படியே மேலே கூடிக்கொள்ளும். தொட்டியில் ஓட்டியபோது லைன் கிட்டத்தட்ட பூஜ்யம், பம்ப் 9, ஆக 9. எங்கள் பூஸ்டரின் பிரஷர் ஸ்விட்ச் 1.4 பாரில் ஓடத் தொடங்கி 2.8 பாரில் நிற்பது. முதல் நாள் 9-உம் 2.8-உம் சேர்ந்து 11.8. அந்த 2.8-ஐ வைத்துக்கொண்டே நான் 9-க்குக் குறைத்தேன், அதாவது பம்பை 6.2 ஆக்கிவிட்டேன். காலையில் லைன் 1.4, ஆகவே 7.6. கணக்கு தாளில் அப்படியே நேராகப் பொருந்தியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இனிமேல் பம்பைத் தொடுவதில்லை, முதலில் லைனை அசையாமல் நிறுத்துவது என்று முடிவு செய்தேன்.

பிளம்பர் தம்பியிடம் சொன்னேன். அவர் ஒரே வார்த்தையில் முடித்தார். “ரெகுலேட்டர் போட்டுருவோம்ணே. ஒரு பாருக்கு வச்சா 1.4-க்குக் கீழதானே, மோட்டார் எப்படி ஓடினாலும் உங்களுக்குத் தெரியாது.” லைன் அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் நிறுத்தும் வால்வு அது. சரியான யோசனை. அவசரமென்றால் அதுவே போதும். ஆனால் எனக்கு இன்னொரு ஆசை இருந்தது. ஈ61 குரூப்பின் லீவரைப் பாதி தூக்கினால் பம்ப் ஓடாது, வால்வு மட்டும் திறக்கும். குழாயோடு இணைத்த மெஷினில் அப்போது லைன் அழுத்தத்திலேயே தண்ணீர் தூளில் இறங்கி நனைக்கும். ஆறேழு விநாடி அப்படி நனைத்துவிட்டுப் பம்பை ஓட்டினால் காபி சீராக வருகிறது, ஓட்டை விழுவது குறைகிறது. தொட்டியில் ஓட்டும்போது இது கிடைக்காது. அதற்கு ஒரு பார் கொஞ்சம் மந்தமாக இருந்தது, 1.5 நன்றாக இருந்தது. ரெகுலேட்டர் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. 1.5 நிலையாக வேண்டுமென்றால் பூஸ்டரின் கீழ் எல்லை அதற்குமேல் தாராளமாக இருக்க வேண்டும்.

அதனால் பிரஷர் ஸ்விட்சைத் திறந்தோம். உள்ளே பெரிய ஸ்பிரிங்கின் மேல் ஒரு நட், சிறிய ஸ்பிரிங்கின் மேல் ஒரு நட். பெரியதை வலப்பக்கம் திருகினால் தொடங்கும் அளவும் நிற்கும் அளவும் சேர்ந்து ஏறும். 20/40 பிஎஸ்ஐயிலிருந்து 30/50-க்குக் கொண்டுவந்தோம், பாரில் சொன்னால் 2.1, 3.4. இப்படி ஏற்றினால் பூஸ்டரின் அழுத்தத் தொட்டியில் இருக்கும் காற்றையும் ஏற்ற வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மோட்டாரை நிறுத்தி, குழாயைத் திறந்து தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, தொட்டியின் பின்பக்க மூடியைக் கழற்றினால் சைக்கிள் ட்யூபில் இருப்பது போன்ற வால்வு. காற்று, மோட்டார் தொடங்கும் அளவுக்கு 2 பிஎஸ்ஐ கீழே இருக்க வேண்டும். எங்களுடையதில் 18 இருந்திருக்க வேண்டிய இடத்தில் 10-தான் இருந்தது. தம்பியின் மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருக்கும் கைப்பம்பால் அடித்து 28 ஆக்கினோம். அன்றைக்குப் பிறகு மோட்டார் அடிக்கடி ஓடி நிற்பதும் குறைந்துவிட்டது. வீட்டுக்கே அது லாபம்.

ரெகுலேட்டரை எங்கே வைப்பது என்று கொஞ்சம் யோசித்தோம். பூஸ்டர், கசடு வடிகட்டி, மென்நீர் கார்ட்ரிட்ஜ், அதற்குப் பிறகு ரெகுலேட்டர், கடைசியாக ஒரு பால் வால்வு, மெஷின் என்று வைத்தோம். வடிகட்டிக்குப் பிறகு வைத்தால் ரெகுலேட்டருக்குள் மணல் போகாது. கார்ட்ரிட்ஜில் இழக்கும் கொஞ்ச அழுத்தமும் மெஷினுக்குத் தெரியாது. கேஜோடு சேர்ந்த பித்தளை ரெகுலேட்டராக வாங்குங்கள், அந்தக் கேஜ்தான் பிறகு கண். திருகும்போது மெஷின் பக்கம் தண்ணீர் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடாத தண்ணீரில் 1.5 வைத்துவிட்டு, ஓடும்போது பார்த்தால் 1.2 ஆகியிருந்தது.

தண்ணீரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடி என்றால் சம்பை ஊற்றுத் தண்ணீரின் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது போர் தண்ணீர். மீன் தொட்டிக்கு விற்கும் சொட்டு மருந்துப் பெட்டியால் கடினத்தன்மை பார்த்தேன், 14 டிகிரி, அதாவது லிட்டருக்கு 250 மில்லிகிராம் அளவில். அப்படியே விட்டால் பாய்லரில் சுண்ணாம்பு படியும். முதலில் எக்ஸ்பான்ஷன் வால்வின் வாய்தான் அடைபடும். சுத்திகரித்த ஆர்ஓ தண்ணீரையே கொடுத்துவிடலாமா என்று பெரியப்பச்சியிடம் கேட்டேன். அவர்கள் சிக்ரி என்ற காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், துருவும் அரிமானமும்தான் வாழ்நாள் வேலை. “உப்பே இல்லாத தண்ணி செம்பையும் பித்தளையையும் கரைக்கப் பார்க்கும் தம்பி. அதோட உன் பாய்லர்ல தண்ணி மட்டம் பார்க்கிற கம்பி கரண்ட் ஓட்டத்தை வச்சுத்தானே தெரிஞ்சுக்குது? உப்பில்லாட்டி அதுக்குத் தண்ணி இருக்கிறதே தெரியாது” என்றார்கள். மென்நீர் கார்ட்ரிட்ஜ் போட்ட பிறகு 4 டிகிரி காட்டுகிறது. அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது பம்ப். லைன் 1.5-இல் அசையாமல் நிற்க, முன்பு குறைத்து வைத்த 6.2-உம் சேர்ந்து முள் 7.7 காட்டியது. கணக்குப்படியே. கால் சுற்று வலப்பக்கம், 8.4. இன்னொரு கால் சுற்று, 9.1. அரைக்கால் சுற்றுக்கும் கொஞ்சம் அதிகம், 9.5. ஏன் 9.5 என்றால், மெஷினின் சின்ன கேஜை நான் முழுசாக நம்பவில்லை. பழைய போர்ட்டாஃபில்டர் ஒன்றின் மூக்கைக் கழற்றிவிட்டு, அந்த எட்டில் மூன்று இஞ்ச் மரையில் 0 முதல் 16 பார் காட்டும் கிளிசரின் கேஜ் ஒன்றைப் பூட்டியிருக்கிறேன். இடையில் வேண்டிய பித்தளை அடாப்டரைக் காரைக்குடி லேத் பட்டறை ஒன்றில் கடைந்து வாங்கினேன். கடைந்தவர் அதைக் கையில் கொடுக்குமுன் மரையில் நூல் விட்டுப் பார்த்து, பிசிறைப் பழைய துணியால் துடைத்து, கேஜைத் தானே கையால் திருகி அது தடங்கலின்றி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அந்தக் கேஜில், காபி இறங்கும் இடத்திலேயே, 9.2. தண்ணீர் ஓட்டமே இல்லாத பிளைண்ட் அளவு அது. தூள் வழியாக ஓடும்போது சற்றுத் தாழ்ந்து 9 வரும். ரோட்டரி பம்பில் இந்த இறக்கம் சிறியதுதான்.

ஒரு சோதனை மீதி இருந்தது. எக்ஸ்பான்ஷன் வால்வு பம்ப் அழுத்தத்துக்கு மேலேதான் திறக்க வேண்டும், என் மெஷினில் 11.5 வாக்கில். அது சீக்கிரமே திறந்தால் பம்ப் தள்ளுவது கழிவில் போய்விடும், பம்பை எவ்வளவு திருகினாலும் முள் ஏறாது, கோளாறு பம்பில் என்று தோன்றும். பிளைண்ட் கூடையோடு அரை நிமிஷம் பம்பை ஓட்டி, கழிவு ட்யூபின் முனையைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். ஒரு சொட்டு விழவில்லை. மூடி நட்டை வாஷரோடு இறுக்கினேன், தகட்டைப் பூட்டினேன்.

அப்பத்தாவைக் கூப்பிட்டுக் குழாயைத் திறக்கச் சொன்னேன். மோட்டார் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. முள் அசையவில்லை. 18 கிராம், 7 விநாடி நனைத்தல், பிறகு 27 விநாடி, 36 கிராம். ஐந்து வாரத்தில் முதல்முறையாக கிரைண்டரைத் தொடாமல் இரண்டு காபி அடுத்தடுத்து ஒரே மாதிரி வந்தன. அப்பத்தாவுக்குப் பால் நிறையச் சேர்த்து டபராவில் கொடுத்தேன்.

பிறகு வந்தது ஒரே பராமரிப்பு வேலை. மேல்தொட்டியில் தண்ணீர் இல்லாமல் ரோட்டரி பம்ப் ஓடக்கூடாது. உள்ளிருக்கும் கார்பன் தகடுகளுக்குத் தண்ணீர்தான் எண்ணெய், காய்ந்து ஓடினால் சீக்கிரமே தேய்ந்துவிடும். மெஷினுக்குள் இருக்கும் தொட்டிக்கு மிதவை ஸ்விட்ச் உண்டு, குழாய் இணைப்பில் அது வேலை செய்வதில்லை. ஆகவே காலையில் மெஷினைப் போடுமுன் ரெகுலேட்டர் கேஜைப் பார்க்கிறேன். மின்வாரியம் மாதப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளுக்கு மறுநாள் கட்டாயம் பார்க்கிறேன், ஏனென்றால் அன்றுதான் மேல்தொட்டியை நிரப்ப மறந்துபோகும். நான்காவது மாதம் ஒரு நாள், பம்ப் ஓடத் தொடங்கும் நொடியில் அந்தக் கேஜ் 1.5-லிருந்து 0.8-க்குத் தாழ்ந்துவிட்டு எழுவதைக் கண்டேன். கசடு வடிகட்டியைக் கழற்றினால், வெள்ளையாக இருந்த திரி செம்மண் நிறத்தில் இருந்தது. புதுத் திரி போட்டேன், கேஜ் தாழ்வது நின்றது. பம்ப் ஸ்க்ரூவின் மார்க்கர் கோடு இன்னும் அதே இடத்தில் இருக்கிறது.